எழுத்துக்கும் கலியாணத்துக்கும் நடுவில் ஒரு சார்ஜர்

வீட்டுச் சுவரில் மின்சாரக் கார் சார்ஜர் பூட்டினால் பிரெஞ்சு அரசாங்கம் கொடுத்துவந்த வரிச்சலுகை போன வருடக் கடைசியோடு நின்றுபோனது. எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. எங்களிடம் கார் கிடையாது. என் வீட்டுக்காரர் பத்திநாதரிடம் ஒரு சைக்கிள் இருக்கிறது, அதுவும் நிலவறையில் காற்றுப் போய்க் கிடக்கிறது. ஆனால் நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் உட்கார்ந்திருக்கும் சாளினி வருடம் பிறந்த கையோடு எனக்குப் போன் எடுத்துவிட்டாள்.

"அன்ரி, சனம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்குது. முடிஞ்சுது எண்டால் நம்பீனமில்லை. நான் என்னவோ மேசை லாச்சிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிற மாதிரிக் கதைக்கினம்."

"லாச்சியைத் திறந்து காட்டு."

"பகிடி விடாதேங்கோ. அது சரி, கூசேன்வில்லிலை ஒரு சார்ஜராலை கலியாணம் குழம்பப் பாத்ததாமே? மாப்பிள்ளைக்குக் கரண்ட் அடிச்சதாம் எண்டு இஞ்சை ஒராள் சொல்லுறார்."

மாப்பிள்ளைக்குக் கரண்ட் அடிக்கவில்லை. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த இந்த லா சப்பலில் ஒரு கதை ஒரு தேநீர்க்கடையிலிருந்து அடுத்த தேநீர்க்கடைக்குப் போவதற்குள் ஆளைக் கொன்றுவிடுவார்கள். நடந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான் என்பதால் நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் மன்னார்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்தேன், ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினேன், மாலையில் பிரெஞ்சு படித்தேன், இடையில் இரண்டு பிள்ளைகளையும் பெற்றேன். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. பிறகு ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மின்சார வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் போனுக்குப் பதில் சொல்ல ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தமிழ் தெரிந்த, பிரெஞ்சு தெரிந்த, கோபப்படாத ஆள் வேண்டும் என்றார்கள். முதல் இரண்டும் எனக்குச் சரியாக இருந்தன, சேர்த்துக்கொண்டார்கள்.

முதலாளி புதுச்சேரிக்காரர். முசியே சவரி என்று எல்லோரும் கூப்பிடுவோம். மெலிந்த, உயரமான மனிதர். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, ஒரு நாளும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததும் இல்லை. கோபத்தோடு வரும் வாடிக்கையாளருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, தான் எழுந்து நின்றுகொள்வார். உட்கார்ந்தபடி மேலே பார்த்துச் சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்தக் கதிரையில் இருந்தவர்களிடம் கேட்டால் தெரியும். முக்கியமான எந்தக் காகிதத்தையும் அவர் மனதுக்குள் வாசிக்க மாட்டார். கதவுக்குப் பின்னால் தொங்கும் கோட்டை எடுத்துப் போட்டு, பொத்தானைப் பூட்டி, நின்றபடி, பூசையில் நிருபம் வாசிப்பவர் மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசிப்பார். நடுவில் போன் அடித்தால் திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். நான் அடிக்கும் ஒவ்வொரு பில்லும் இந்த வாசிப்பைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

சார்ஜர் வேலைக்கென்று ஒரு நடைமுறை வைத்திருந்தோம். போன் எடுப்பவரிடம் முதலில் கேட்பது, கார் நிறுத்தும் இடம் உங்களுடையதா என்று. இரண்டாவது, மீற்றர் பெட்டியிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்று. பிறகு மெயின் பெட்டியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பாதிப் பேர் பெட்டியை மூடியபடியே படம் எடுத்து அனுப்புவார்கள். மற்றப் பாதிப் பேர் பெட்டிக்கு முன்னால் தாங்கள் நின்று சிரித்தபடி அனுப்புவார்கள். அதற்குப் பிறகு எங்கள் மின்வேலையாள் தேவன் நேரில் போவான். எர்த் சரியா என்று பார்ப்பான், சார்ஜருக்கென்று தனி வயர், தனி பிரேக்கர் போடுவான், சுவரில் நெஞ்சு உயரத்துக்குப் பூட்டுவான், போனிலிருந்து நிறுத்தவும் தொடங்கவும் முடிகிறதா என்று சோதிப்பான். போனால் கட்டுப்படுத்த முடியாத சார்ஜருக்குச் சலுகை இல்லை. கடைசியில் பில். அதில் அந்த வீட்டில் குடியிருப்பவரின் பெயர், பூட்டிய விலாசம், சார்ஜரின் விலை ஒரு வரியில், கூலி இன்னொரு வரியில். சாமானை இன்ரநெற்றில் வாங்கி வைத்துக்கொண்டு பூட்ட மட்டும் கூப்பிட்டால் அதுவும் சரிவராது.

இவ்வளவையும் கேட்ட அரசாங்கம் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. உன்னிடம் கார் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஸ்தேன் என்ற ஊரில் ஒருவர், லைசென்ஸ் கூட இல்லாதவர், சார்ஜர் பூட்டினார். ஏன் அண்ணை என்று கேட்டேன். "அரசாங்கம் தாறதை வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது பிள்ளை, அவையள் குறை நினைப்பினம்" என்றார். அதில் இப்போது குடை காயப்போடுகிறார். ஐந்தாம் மாடியில் இருக்கும் இன்னொருவர் சார்ஜரை பால்கனியில் பூட்டி, வயரைத் தெருவுக்கு இறக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றதும், கயிறு தன்னிடமே இருப்பதாகச் சொன்னார்.

இவர்கள் எல்லாம் லேசான ஆட்கள். பாரமான ஆள் செல்வரத்தினம் அண்ணை.

எங்கள் அலுவலகத்திலிருந்து நாலு கதவு தள்ளி அவருடைய மரக்கறிக் கடை. முருங்கைக்காய், ஒடியல் மா, வல்லாரை எல்லாம் அங்கேதான் வாங்குவேன். பொலிசுக்கும் பயமில்லை, கடைக்கு முன்னால் குடித்துவிட்டுக் கத்துபவர்களுக்கும் பயமில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் பயம், அது அம்போ. வரி அலுவலகத்தை இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அம்போவிலிருந்து கடிதம் வந்தால் செல்வண்ணை முகம் கை கால் கழுவிவிட்டுத்தான் உறையைக் கிழிப்பார்.

அவருக்கு ஒரே மகள், மதுரா. இங்கே பிறந்தவள், பார்மசியில் வேலை. தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. அவளுக்கு நிரோசன் என்ற பையனைப் பேசி முடித்தார்கள். ரொய்சி விமான நிலையத்தில் வேலை, புறநகரில், கூசேன்வில்லில் தாயோடு சொந்த வீடு. நல்ல பிள்ளை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், எழுத்தும் முடிந்தது.

இந்த எழுத்து விஷயத்தைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. செல்வண்ணையின் ஆட்களிடம் எழுத்து வேறு, கலியாணம் வேறு. நகரசபையில் போய்க் கையெழுத்து வைப்பது எழுத்து. தாலி கட்டுவது கலியாணம். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி வரும், அதுவரை பெண் தகப்பன் வீட்டில்தான் இருப்பாள். பிரெஞ்சுச் சட்டத்துக்கு அவள் மனைவி, வீட்டுக்கு அவள் இன்னும் குமர். மதுராவுக்கு இந்த இடைவெளி ரப்பர் மாதிரி நீண்டது. மண்டபம் கிடைத்த நாளில் முகூர்த்தம் இல்லை, முகூர்த்தம் இருந்த நாளில் மண்டபம் இல்லை.

எழுத்து முடிந்து கொஞ்ச நாளில் செல்வண்ணை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மதுராவும் கூட வந்தாள்.

"தங்கச்சி, மாப்பிள்ளைக்குக் கார் குடுக்கவேணும் எண்டு நினைச்சிருந்தன். அவர் தானே கரண்டுக் கார் ஒண்டை வாங்கிப்போட்டார். நான் கரண்டையாவது குடுக்க வேண்டாமே? ஒரு சார்ஜர் பூட்டவேணும்."

"பூட்டலாம் அண்ணை. பில்லை மாப்பிள்ளையின்ர பேரிலை போடட்டே?"

"விசர்க் கதை கதையாதை. நான் குடுத்ததுக்கு மாப்பிள்ளையின்ர பேரிலை பில்லோ? தன்ர சீதனத்தைத் தானே வாங்கினவர் எண்டு சனம் சொல்லும். என்ர பேரிலை போடு."

"நீங்கள் அங்கை குடியில்லை. சலுகை வராது."

"அப்ப பிள்ளையின்ர பேரிலை போடு. அவள்தானே பெண்சாதி."

முசியே சவரி எழுந்து கோட்டைப் போட்டார். பில் இன்னும் அடிக்கவே இல்லை, ஆனாலும் விஷயம் பெரிது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. செல்வண்ணைக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"சார்ஜர் எங்க வைக்கிறோம்?"

"கூசேன்வில்லிலை" என்றேன்.

"பொண்ணு எங்க இருக்கு?"

"இஞ்சை, லா சப்பலிலை."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

செல்வண்ணை இல்லை என்றார். மதுரா ஓம் என்றாள்.

"இந்தப் பில்லுல ரெண்டு பதில் எழுத எடம் இல்லீங்களே" என்றார் முசியே சவரி. பிறகு மதுராவைப் பார்த்துக் கேட்டார். "உன் வீடு எதும்மா?"

"கூசேன்வில்" என்றாள் மதுரா. கேள்வி முடியமுன்னமே சொல்லிவிட்டாள். தகப்பன் அந்த நேரம் ஆடிய நாற்காலியின் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே பில் போட்டோம். மதாம் மதுரா, கூசேன்வில் விலாசம். தேவன் போய்ப் பூட்டினான். பூட்டிய விலாசத்துக்குப் பில்லைத் தபாலில் அனுப்புவது எங்கள் வழக்கம், அனுப்பினோம். அதை உடைத்தவர் நிரோசனின் தாய் பரமேஸ்வரி அக்கா. அன்று மாலை செல்வண்ணை கடையை அரைவாசி மூடிவிட்டு, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தபடி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"தாலி ஏறேல்லை, ஒண்டு ஏறேல்லை, மருமோள் எண்டு என்ர வீட்டு விலாசத்துக்குக் கடுதாசி வந்திருக்கு. நாளைக்கு என்ர ஆக்கள் கேட்டால் நான் என்ன சொல்லுறது? பிள்ளையை முதலே அனுப்பிப்போட்டியளோ எண்டு உங்களையும் கேப்பினம். இது இப்பிடித்தான் போகும் எண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ, நான் மண்டபத்துக்குக் குடுத்த அட்வான்சைத் திருப்பி வாங்கிறன்."

செல்வண்ணை போனை என் பக்கம் நீட்டினார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கும் உறைத்தது, ஒரு பிளக்கால் இந்தக் கலியாணம் நின்றுபோகலாம் என்று. அவள் ஒரே பிள்ளை. எழுத்து முடிந்த பெண்ணின் கலியாணம் நின்றால் அதற்குச் சட்டத்தில் விவாகரத்து என்று பெயர். ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாமல் அந்தப் பெயரைச் சுமப்பாள். நான் போனை வாங்கி, இது சும்மா காகிதம் அக்கா, அம்போவுக்காக, என்று அரை மணித்தியாலம் கெஞ்சினேன். கடைசியில், "சரி, அந்தக் கடுதாசியை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுறன்" என்றார்.

கடுதாசியை அலுமாரிக்குள் பூட்டலாம், சார்ஜரை அப்படிப் பூட்டி வைக்க முடியாது. பில் யார் பெயரிலோ அவருடைய போனோடுதான் தேவன் சார்ஜரை இணைத்திருந்தான். நிரோசன் வேலை முடிந்து வந்து காரைச் செருகியவுடன், லா சப்பலில் மதுராவின் போனில் டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். சனிக்கிழமைகளில் அவள் தகப்பனின் கடையில் காசு வாங்க இருப்பாள். வல்லாரை வாங்க வந்தவர்களே, "மாப்பிள்ளை வீட்டை வந்திட்டார் போலை" என்று சொல்லும் அளவுக்கு அந்த டிங் பிரபலம். இருவருக்கும் சண்டை வந்தால் மதுரா இங்கிருந்தே கரண்டை நிறுத்திவிடுவாள். அடுத்த நாள் காலை நிரோசன் பஸ்ஸில் வேலைக்குப் போவான். ஒரு கிழமை அவன் ஐந்து நாளும் பஸ்ஸில் போனதாகக் கேள்விப்பட்டு, என்ன சண்டை என்று விசாரித்தேன். கலியாணத் திகதியைப் பற்றித் தாயிடம் கதைக்க அவனுக்குத் துணிவில்லையாம்.

அடுத்த வருடம் வரிப் படிவம் நிரப்பும் காலம் வந்தது. மதுரா தானே இன்ரநெற்றில் நிரப்பினாள். சார்ஜரைப் போட்டாள், பில்லைச் சேர்த்தாள், தன் விலாசமாக லா சப்பலை விட்டாள். சில மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. சார்ஜர் ஒரு இடத்தில், நீங்கள் ஒரு இடத்தில், விளக்கம் தரவும். மரியாதையான, சின்னக் கடிதம்.

அதைச் செல்வண்ணை மகளிடமும் காட்டவில்லை, எங்களிடமும் காட்டவில்லை. முகம் கழுவி, உறையைக் கிழித்து, கடைக்கு வந்த ஒரு மாணவனைப் பிடித்துப் பிரெஞ்சில் பதில் எழுதுவித்தார். அதன் நகலைப் பிறகு நான் பார்த்தேன். ஐயா, என் மகளுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை, நகரசபையில் கையெழுத்து மட்டும் வைத்திருக்கிறாள், ஆவணி மாதம் திருமணம் செய்து வைப்போம், அதன் பிறகு அவள் சார்ஜர் இருக்கும் வீட்டுக்குப் போவாள், தயவுசெய்து அதுவரை பொறுத்துக்கொள்ளவும். அத்தாட்சியாகக் கலியாண அழைப்பிதழ் ஒன்றையும் வைத்திருந்தார். பிள்ளையார் படம் போட்ட, தங்கக் குஞ்சம் தொங்கும் அழைப்பிதழ். உறையில் "குடும்பத்தோடு வரவும்" என்று வேறு எழுதியிருந்தாராம். அழைப்பிதழ் கொடுத்துவிட்டு அப்படிச் சொல்லாமல் விடுவது அழகில்லை என்று விளக்கம் தந்தார்.

இது இத்தோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அந்த ஆவணியில் கலியாணம் நடக்கவில்லை. செல்வண்ணையின் தமையன், கனடாவில் இருப்பவர், அவர் இல்லாமல் தாலி கட்ட ஏலாது. அவருக்கு முழங்காலில் ஒப்பரேசன் வந்து, எல்லாம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. செல்வண்ணை எங்கள் அலுவலகத்துக்குள் வந்து நின்றார், சாம்பல் நிற முகத்தோடு.

"தங்கச்சி, அம்போவுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

"என்ன பொய்?"

"கலியாணக் கார்ட்டிலை போட்ட திகதியிலை கலியாணம் நடக்கேல்லை."

நான் எவ்வளவோ சொன்னேன், அவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்று. பார்த்திருந்தார்கள். ஒரு கிழமையில் இரண்டாவது கடிதம் வந்தது.

இந்த முறை செல்வண்ணை உறையைக் கிழிக்காமலே எங்களிடம் கொண்டுவந்தார். எங்கள் கழிவறையில் முகம் கழுவினார். மதியச் சாப்பாட்டு நேரம், மதுராவும் பார்மசியின் வெள்ளை அங்கியோடு ஓடிவந்தாள். முசியே சவரி கோட்டைப் போட்டு, பொத்தானைப் பூட்டி, நின்று வாசித்தார். அனுப்பிய அழைப்பிதழுக்கு நன்றி என்று கடிதம் தொடங்கியது. அடுத்த வரியில், நகரசபைப் பதிவின்படி நீங்கள் திருமணமானவர் என்று இருந்தது. அந்த இடத்தில் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு, அவர் திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். செல்வண்ணை இரண்டாம் தரமும் நன்றியைக் கேட்டுக் கண்ணை மூடினார். சார்ஜர் இருக்கும் வீடுதான் உங்கள் பிரதான வசிப்பிடம் என்பதற்கு ஆதாரம் தரவும், ஒரு மாத அவகாசம் என்று கடிதம் முடிந்தது.

"சலுகை வேண்டாம் எண்டு எழுதிவிடுவம் அண்ணை" என்றேன். "அதோடை முடிஞ்சுது."

"வேண்டாம் எண்டால் ஏன் வேண்டாம் எண்டு யோசிப்பாங்கள். பிறகு கடைக்கு வருவாங்கள். வந்தால் தராசிலையிருந்து எல்லாம் பாப்பாங்கள்." முசியே சவரியைப் பார்த்தார். "ஐயா, அங்கை இருக்கிறாள் எண்டு எழுதினால்?"

"இல்லாதப்ப எழுதினா பொய்."

"இல்லை எண்டு எழுதினால்?"

"அப்ப எதுக்குச் சலுகை கேட்டீங்கன்னு கேப்பான்."

"அப்ப என்னதான் எழுதுறது?"

"பொண்ணு எங்க இருக்குதோ அத எழுதுங்க. எங்க இருக்கணும்னு நான் சொல்ல முடியாது. அது கம்பெனி வேல இல்ல."

மதுரா அங்கியின் பையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் அங்கை போய் இருக்கிறன் அப்பா. அப்ப உண்மையா எழுதலாம்தானே."

தமிழில் சொன்னாள். அவள் தகப்பனிடம் ஒரு முழு வசனம் தமிழில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். செல்வண்ணை கத்தப்போகிறார் என்று நினைத்து நான் கதவைச் சாத்த எழுந்தேன். அவர் கத்தவில்லை. மகளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மெதுவாகக் கேட்டார்.

"ஒரு மாதம் எண்டோ போட்டிருக்கிறாங்கள்?"

"ஒரு மாசம்" என்றார் முசியே சவரி.

"அப்ப நல்ல நாள் பாக்க நேரம் இருக்கு."

அன்று பின்னேரமே கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார். பிள்ளை அங்கே போய் இருக்க வேண்டுமாம், அரசாங்கத்தின் கட்டளை, சார்ஜர் யார் பெயரிலோ அவர் சார்ஜரோடு இருக்க வேண்டுமாம். நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. அம்போ சொன்னால் பிறகு என்ன கதை என்று தலையாட்டினார்கள். ஒருவர் தன் மச்சானுக்கும் இப்படித்தான் நடந்தது என்றார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஐயரிடம் நாள் கேட்கப் போனபோது, என்ன காரியத்துக்கு என்று அவர் கேட்டாராம். கலியாணம் இல்லை, புதுவீட்டுக் குடிபூரல் இல்லை, வரி அலுவல் என்றாராம் செல்வண்ணை. ஐயர் யோசித்து, வாகனம் எடுப்பதற்கு நல்ல நாள் ஒன்று இருக்கிறது, அது பொருந்தும் என்று எழுதிக்கொடுத்தார்.

பரமேஸ்வரி அக்காவிடம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போன் எடுத்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"வரட்டும். அங்கை இருந்து கரண்டை நிப்பாட்டிறதுக்கு இஞ்சை வந்து நிப்பாட்டட்டும். பெடியன் பஸ்ஸிலை போய்ப் போய் மெலிஞ்சு போனான்."

அந்த நாளில் செல்வண்ணையின் மரக்கறி வானில் போனோம். அவரும் மனைவியும் மதுராவும் முன்னால், நான் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கும் மதுராவின் இரண்டு சூட்கேசுகளுக்கும் நடுவில். காகிதத்தில் ஏதும் பிழை வந்தால் பார்க்க நான் வரவேண்டுமாம். கூசேன்வில்லில் கதவைத் திறந்த பரமேஸ்வரி அக்கா கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் பட்டுச்சேலை கட்டியிருந்தார், ஆனால் வாசலில் ஒன்றும் வைக்கவில்லை. நிறைகுடம் இல்லை, விளக்கு இல்லை. மதுரா வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"ஆராத்தி எடுக்காமல் பிள்ளை எப்பிடிப் படியேறுறது?" என்றார் செல்வண்ணையின் மனைவி.

"ஆராத்தி கலியாணத்துக்கு எடுக்கிறது" என்றார் பரமேஸ்வரி அக்கா. "இப்ப எடுத்தால் அப்ப என்னத்தை எடுக்கிறது? ஒரு பிள்ளைக்கு ரெண்டு தரம் எடுக்கிறதோ?"

இரண்டு தாய்மாரும் சொன்னது சரிதான். அதுதான் தொல்லை. மழை தூறத் தொடங்கியது. நிரோசன் கராஜ் கதவருகே நின்று தன் சப்பாத்தைப் பார்த்தான். அப்போது செல்வண்ணை கையை நீட்டிக் கராஜ் சுவரில் இருந்த சார்ஜரைக் காட்டினார்.

"நான் குடுத்த சாமான். அதுக்கு ஒரு பூசையும் நடக்கேல்லை. கார் ரயருக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிச்சனியள், இதுக்கு ஒண்டும் வைக்கேல்லை. இதுக்கு எடுங்கோ."

பரமேஸ்வரி அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய், வாழைப்பழத்தைத் துண்டுதுண்டாக வெட்டித் திரி வைத்த தட்டோடு வந்தார். அந்த வேகத்தில் அதை ஆயத்தப்படுத்தியிருக்க முடியாது. முன்னமே செய்து வைத்திருந்தார்.

ஆராத்திக்குச் சுமங்கலிப் பெண்கள் இரண்டு பேர் வேண்டும். அக்கா தாலி இழந்தவர், தட்டைச் சுற்ற மாட்டேன் என்றார். பெண்ணின் தாய் ஒரு பக்கம் பிடித்தார். மற்றப் பக்கத்துக்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் வேதக்காரி" என்றேன்.

"கரண்டுக்கு எடுக்கிறதுக்கு என்ன வேதம்?" என்றார் அக்கா. "பத்திநாதர் உயிரோடைதானே? பிடி."

பிடித்தேன். சார்ஜர் நெஞ்சு உயரத்தில் இருந்தது. மதுரா போய் அதற்கு முன்னால் நின்றாள், அவளாகவே. நிரோசன் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவர்கள் நிற்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நகரச் சொல்லவும் இல்லை. நாங்கள் தட்டைச் சார்ஜருக்குச் சுற்றினோம், மேலே, கீழே, மூன்று தரம். நடுவில் இரண்டு பிள்ளைகளின் முகத்திலும் அந்த வெளிச்சம் பட்டது. மாதாவே, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சிரிப்பு வந்தது. தட்டு ஆடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். குங்குமத்தைத் தாய் முதலில் சார்ஜரில் வைத்தார், பிறகு அதே விரலால் மகளுக்கு.

மதுரா வலது காலை வைத்துக் கராஜ் வழியாக வீட்டுக்குள் போனாள். முன் வாசல் கலியாணத்துக்கென்று மிச்சம் இருந்தது.

செல்வண்ணை எங்களோடு உள்ளே வரவில்லை. தேடிப்போய்ப் பார்த்தேன். கராஜின் மூலையில் அடுக்கியிருந்த குளிர்கால ரயர்களின் மேல் உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒரே பிள்ளை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் ஏத்தின வான் தங்கச்சி" என்றார். நான் ஓம் என்றேன்.

மதுரா எந்த நாளிலிருந்து அங்கே வசிக்கிறாள் என்று உண்மையை எழுதி அனுப்பினாள். பதில் வந்தது. சார்ஜர் பூட்டிய நாளில் நீங்கள் அங்கே வசிக்காத காரணத்தால் சலுகை கிடையாது, வேறு நடவடிக்கை எதுவும் இல்லை. வேறு நடவடிக்கை இல்லை என்ற வரியைச் செல்வண்ணை என்னை நாலு தரம் வாசிக்க வைத்தார். அன்று முழுவதும் கடையில் கொத்தமல்லி இலவசம். நான் முசியே சவரியிடம் கேட்டேன், சலுகை வராது என்று உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று. அவர் கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் கொழுவினார்.

"பணம் வருமான்னு யாரும் என்னைக் கேக்கலையே மதாம்."

கலியாணம் அடுத்த வருடம் நடந்தது. பெரிய மண்டபம், மேளம், நாதஸ்வரம், முழங்கால் சரியான கனடாத் தமையன், எல்லாம் இருந்தன. தாரை வார்க்கும் நேரம் வந்தபோது படம் எடுப்பவர்கள் மூன்று பேரும் செல்வண்ணையின் முகத்துக்குக் கமராவைத் திருப்பினார்கள். பெண்ணின் தகப்பன் அழும் இடம் அது. செல்வண்ணை மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார், தண்ணீர் ஊற்றினார், பிறகு படம் எடுப்பவரிடம் திரும்பிச் சாப்பிட்டாச்சா தம்பி என்று கேட்டார். மதுரா சிரித்துவிட்டாள்.

எனக்குப் பின்வரிசையில் இருந்த கனடாத் தமையனுக்குப் பொறுக்கவில்லை.

"பெத்த தகப்பன், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வெக்கக்கேடு. என்ர தம்பி இப்பிடிக் கல்லு மனிசன் எண்டு நான் நினைக்கேல்லை."

பத்திநாதர் என் முழங்கையைப் பிடித்தார், வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று. நான் திரும்பினேன்.

"அவர் எப்பவோ அழுதிட்டார் அண்ணை."

"எப்ப? எங்கை?"

"கராஜிலை" என்றேன்.